சர்க்கரை, நிலக்கரி, கொஞ்சம் ஆரஞ்சு: அண்ணா நகர் வார இறுதி வரலாற்று வகுப்பு எப்படி இருக்கிறது?

காசு கொடுத்துச் சேரலாமா என்றால், தாராளமாகச் சேரலாம். அவர்கள் அச்சடித்துக் கொடுக்கும் நோட்ஸை நம்பிச் சேரலாமா என்றால், வேண்டாம். பாடம் நடத்துகிறவர் வேறு ஆள், நோட்ஸ் தயாரித்தவர் வேறு ஆள் என்பது முதல் வகுப்பிலேயே தெரிந்துவிடுகிறது.

அண்ணா நகர் சாந்தி காலனிப் பக்கம் ஒரு வீட்டு மாடியில் நடக்கும் உலக வரலாற்று வகுப்பு இது. சனி, ஞாயிறு மாலைகளில் மட்டும். யூபிஎஸ்சி மெயின்ஸ் ஜிஎஸ் (பொது அறிவு) முதல் தாளில் 18-ஆம் நூற்றாண்டு தொடங்கி உலக வரலாறு இருக்கிறது அல்லவா, அதற்காக ஆரம்பித்தது. இப்போது என்னைப் போலத் தேர்வுக்குச் சம்பந்தமில்லாதவர்களும் வந்து உட்காருகிறோம். மொத்தமாகக் கட்ட வேண்டியதில்லை, பகுதி பகுதியாகச் சேரலாம். நான் சேர்ந்தது 'அமெரிக்காவின் கடல் கடந்த விரிவாக்கம்: காரணங்கள்' என்ற பகுதி. 2,400 ரூபாய், நோட்ஸும் ஒரு மாதிரித் தேர்வும் அதில் அடக்கம். வகுப்பின் பெயரையோ தன் பெயரையோ போட வேண்டாம் என்று பாடம் நடத்தும் மேடம் கேட்டுக்கொண்டார். இருக்கிற நாற்காலிகளே நிறைந்துவிடுகின்றனவாம். சரி, போடவில்லை.

நான் யார் என்பதையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நான் எதை ஏன் பாராட்டுகிறேன் என்று புரியாது. ஓய்வு பெறும்வரை ராஜாஜி சாலையில் ஒரு கிளியரிங் ஏஜென்ட் அலுவலகத்தில் பில் ஆஃப் என்ட்ரி, அதாவது இறக்குமதிச் சரக்குக்கான சுங்கப் பத்திரம், போட்டுக்கொண்டிருந்தவள் நான். பட்ஜெட் நாள் என்றால் மற்றவர்கள் டிவி பார்ப்பார்கள், நாங்கள் நள்ளிரவுக்குள் எந்தச் சரக்கின் பேப்பரை உள்ளே தள்ளுவது என்று ஓடுவோம். டூட்டி என்கிற சுங்க வரி இரண்டு சதவீதம் ஏறினால் யார் சிரிப்பார், யார் கையைப் பிசைவார் என்பதைப் பக்கத்தில் நின்று பார்த்தவள். தங்கை மகன்தான் இந்த வகுப்பைச் சொன்னான். "பெரியம்மா, மேடம் போர்டு முழுக்க டேரிஃப் டேரிஃப்னு எழுதுறாங்க, உங்க சப்ஜெக்ட் மாதிரி இருக்கு" என்றான். அவன் ஒரு மாதத்தில் நின்றுவிட்டான். நான் நிற்கவில்லை.

முதலில் நோட்ஸைத் திட்டிவிடுகிறேன். ஸ்பைரல் பைண்டிங், வழவழப்பான தாள், ஐந்து கட்டங்கள். பொருளாதாரம், கடற்படை, மதம், இனப் பெருமை, வல்லரசுப் போட்டி. ஒவ்வொரு கட்டத்திலும் நான்கு வரி. 'உபரி உற்பத்திக்குச் சந்தை தேடி அமெரிக்கா கடல் கடந்தது' என்று ஒரு வரி. அமெரிக்கா என்பது ஓர் ஆளா, பையைத் தூக்கிக்கொண்டு சந்தை தேடிப் போக? எந்த வருடம், எந்தத் தீவு, யாருக்கு லாபம், யார் எதிர்த்தார்கள் என்று ஒன்றும் கிடையாது. தேர்வில் கக்குவதற்கு வேண்டுமானால் ஆகும்.

மேடம் முன்பு ஓர் அரசுக் கலைக் கல்லூரியில் கௌரவ விரிவுரையாளராக இருந்தவர். நோட்ஸைக் கையில்கூட எடுப்பதில்லை. போர்டில் முதல் நாள் எழுதியது ஒரே கேள்வி: 'யாருடைய காரணம்?' அதற்குக் கீழே பறவை எச்சம் என்று எழுதினார். பையன்கள் சிரித்தார்கள். 1856-இல் அமெரிக்கக் காங்கிரஸ் ஒரு சட்டம் போட்டது. ஆளில்லாத, வேறு நாட்டுக்குச் சொந்தமில்லாத ஒரு தீவில் குவானோ என்ற பறவை எச்சப் படிவத்தை அமெரிக்கக் குடிமகன் எவனாவது கண்டுபிடித்தால், அந்தத் தீவை அமெரிக்காவுக்கு உரியதாக ஜனாதிபதி கருதலாம். பருத்தியும் புகையிலையும் போட்டுப் போட்டுக் களைத்த மண்ணுக்கு எரு வேண்டும், நல்ல குவானோ பெரு நாட்டின் கையில், அவர்கள் சொல்வதுதான் விலை. அப்படித்தான் பேக்கர், ஹௌலண்ட், ஜார்விஸ் என்று பசிபிக்கில் பொட்டுப் பொட்டாகத் தீவுகள் அமெரிக்கக் கணக்கில் ஏறின. கொடி, பெருமை, நாகரிகம் பரப்புதல் என்கிற பேச்செல்லாம் வருவதற்கு நாற்பது வருடம் முன்னால். கால் மணி நேரத்தில் முடித்துவிட்டார். ஆனால் அதற்குப் பிறகு யாரும் ஐந்து கட்டங்களைப் பற்றிப் பேசவில்லை.

சர்க்கரை வகுப்புதான் இந்தப் பகுதியின் உயிர். இதற்கு மட்டுமே 2,400 ரூபாய் தரலாம்.

ஹவாய் அப்போது தனி ராஜ்ஜியம். 1875-இல் அமெரிக்காவோடு ஓர் ஒப்பந்தம்: ஹவாய்ச் சர்க்கரைக்கு அமெரிக்கத் துறைமுகத்தில் டூட்டி கிடையாது. கியூபாச் சர்க்கரை, ஜாவாச் சர்க்கரை எல்லாம் டூட்டி கட்டி உள்ளே வர, ஹவாய்ச் சரக்கு மட்டும் சும்மா உள்ளே போகிறது. விற்கும் விலை ஒன்றுதான், மிச்சம் தோட்டக்காரர் பைக்குள். பதினைந்து வருடத்தில் ஏற்றுமதி ஏறக்குறையப் பத்து மடங்கு ஆனது. 1887-இல் ஒப்பந்தத்தைப் புதுப்பித்தபோது அமெரிக்கா கேட்ட கூலி, பேர்ல் துறைமுகத்தைத் தங்கள் கடற்படை மட்டும் பயன்படுத்தும் உரிமை. அதே வருடம் வெள்ளைக்கார வியாபாரிகளும் வக்கீல்களும் துப்பாக்கிக்காரர்களைப் பின்னால் நிறுத்திக்கொண்டு மன்னர் கலாகௌவாவிடம் புது அரசியல் சட்டத்தில் கையெழுத்து வாங்கினார்கள்.

இதுவரை எல்லாப் புத்தகத்திலும் இருக்கும். அடுத்ததுதான் எனக்குப் பிடித்த இடம். 1890-இல் மெக்கின்லி டேரிஃப் என்ற சுங்க வரிச் சட்டம் அமெரிக்காவில் வந்தது. கச்சாச் சர்க்கரைக்கு யார் கொண்டுவந்தாலும் டூட்டி இல்லை. சொந்த நாட்டில் விளைவிப்பவருக்கு மட்டும் பவுண்டுக்கு 2 சென்ட் மானியம். மேடம் இதை எழுதிவிட்டுத் திரும்பி, "ஹவாய்த் தோட்டக்காரர் இப்ப என்ன செய்வார்?" என்று கேட்டார். பையன்கள் விழித்தார்கள். எனக்கு வாய் நிற்கவில்லை. சலுகை என்பது மற்றவன் கட்டும்வரைதான் சலுகை, எல்லோருக்கும் டூட்டி போனால் என் சரக்கும் எல்லோர் சரக்கும் ஒன்று, நான் மானியம் வாங்க வேண்டுமானால் 'சொந்த நாடு' ஆகிவிட வேண்டியதுதான் என்றேன். மேடம் சாக்பீஸை என் பக்கம் நீட்டிவிட்டார்.

1893 ஜனவரி 17 அன்று ராணி லிலியுகலானி கவிழ்க்கப்பட்டார். அமெரிக்கத் தூதர் ஸ்டீவன்ஸ் சொல்லி, 'பாஸ்டன்' என்ற போர்க்கப்பலிலிருந்து வீரர்கள் முந்தின நாளே ஹோனலுலுவில் இறங்கியிருந்தார்கள். சாக்பீஸைக் கொடுத்த மேடம் இங்கேதான் அதைத் திரும்ப வாங்கிக்கொண்டார். சர்க்கரைதான் காரணம் என்றால், ஹவாயின் மிகப் பெரிய சர்க்கரை முதலாளி கிளாஸ் ஸ்பிரெக்கெல்ஸ் ஏன் இணைப்பை எதிர்த்தார் என்று கேட்டார். எதிர்த்தது உண்மை. சீனாவிலிருந்தும் ஜப்பானிலிருந்தும் ஒப்பந்தக் கூலிகளைக் கொண்டுவந்து தோட்டம் நடத்துகிறவருக்கு, அமெரிக்கச் சட்டம் வந்தால் அந்த ஆள்பிடிப்புக்குத் தடை வரும் என்ற பயம். ஆட்சியைக் கவிழ்த்த கூட்டத்தில் முன்னால் நின்றவர்கள் லோரின் தர்ஸ்டன், சான்ஃபர்ட் டோல் மாதிரியான வக்கீல்கள். அன்னாசி டப்பாவில் பார்க்கும் டோல், இவருடைய உறவினர் பின்னால் ஆரம்பித்த கம்பெனி. ஒரே தொழில், ஒரே ஊர், இரண்டு எதிரெதிர்க் கணக்கு. நோட்ஸின் 'பொருளாதாரம்' என்ற கட்டத்துக்குள் இது எங்கே உட்காரும்?

தர்ஸ்டன் ஒரு மிஷனரியின் பேரன், டோல் ஒரு மிஷனரியின் மகன். அந்த மிஷனரிகளை ஹவாய்க்கு அனுப்பியது பாஸ்டனிலிருந்த அமெரிக்கன் போர்டு என்ற மிஷன் சங்கம், அதன் முதல் குழு போய்ச் சேர்ந்தது 1820-இல். இந்த இடத்தில் வகுப்பில் ஒரு சலசலப்பு, ஏனென்றால் அதே சங்கம்தான் 1816-இல் யாழ்ப்பாணத்துக்கும் 1834-இல் மதுரைக்கும் ஆள் அனுப்பியது. மதுரை அமெரிக்கன் கல்லூரி அந்த மிஷனின் கொடை. 1862-இல் சென்னையில் அச்சான வின்சுலோ தமிழ் அகராதியைத் தொகுத்த மிரன் வின்சுலோ அந்தச் சங்கத்து ஆள். ஒரே சங்கம், ஒரே பைபிள், ஏறக்குறைய ஒரே காலம். இங்கே அகராதியும் கல்லூரியும் மிஞ்சின, அங்கே ஓர் அரியணை போனது. மதம்தான் காரணம் என்றால் இரண்டு இடத்திலும் ஒன்றுதானே நடந்திருக்க வேண்டும்? இங்கே நிலமும் ஆட்சியும் கிழக்கிந்தியக் கம்பெனியின் கையில் இருந்தன, வெள்ளைக்காரனே ஆனாலும் அமெரிக்கனுக்கு இடமில்லை. அங்கே நிலத்தை விற்க வாங்கச் சட்டம் மாறியது, மிஷனரிகளின் பிள்ளைகள் தோட்டம் வாங்கினார்கள், வக்கீல் ஆனார்கள், மந்திரி ஆனார்கள். இந்த ஒப்பீடு மேடமே யோசித்தது என்று நினைக்கிறேன். வேறெங்கும் நான் பார்க்கவில்லை.

கவிழ்த்ததும் உடனே இணைத்துக்கொள்ளவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். புதிதாக வந்த ஜனாதிபதி கிளீவ்லண்ட் இணைப்பு ஒப்பந்தத்தைத் திரும்பப் பெற்று, விசாரணை வைத்து, நடந்தது தப்பு என்றார். ஹவாய் மக்கள் 1897-இல் இணைப்பு வேண்டாம் என்று 21,000-க்கும் மேல் கையெழுத்துப் போட்டு வாஷிங்டனுக்கு அனுப்பினார்கள். செனட்டில் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு கிடைக்காது என்று தெரிந்ததும், 1898 ஜூலையில் சாதாரணப் பெரும்பான்மை போதும் என்கிற கூட்டுத் தீர்மானமாகக் கொண்டுவந்து முடித்தார்கள்.

ஸ்பெயினின் காலனியாக இருந்த கியூபாவும் அதே டேரிஃப் கதையின் மறுபக்கம். 1890-இல் டூட்டி போனதும் கியூபாச் சர்க்கரை அமெரிக்காவுக்குக் கொட்டியது. 1894-இல் உற்பத்தி பத்து லட்சம் டன்னைத் தாண்டியது. அந்த வருடம் ஆகஸ்டில் வாஷிங்டன் மனதை மாற்றிக்கொண்டு 40 சதவீத டூட்டியைத் திரும்பப் போட்டது. ஆலைகள் மூடின, வேலை போனது, 1895 பிப்ரவரியில் ஸ்பெயினுக்கு எதிராகக் கிளர்ச்சி. டூட்டி போட்டதால் புரட்சி வந்தது என்று ஒரு பையன் எழுதிக்கொண்டதை மேடம் பார்த்து நிறுத்தினார். கியூபா விடுதலைத் தலைவர் ஹோசே மார்த்தி நியூயார்க்கில் உட்கார்ந்து 1892-லேயே கட்சி கட்டிப் பணம் திரட்டி ஆயுதம் சேர்த்துக்கொண்டிருந்தார். டூட்டி அவருக்குப் பசித்த ஆட்களைக் கொடுத்தது, நோக்கத்தைக் கொடுக்கவில்லை. இப்படி அவ்வப்போது கடிவாளம் பிடிப்பதற்காகவே இவரை எனக்குப் பிடிக்கும். பழைய தொழில் பாசத்தில் நான் எல்லாவற்றையும் டூட்டியில் கொண்டுபோய் முடிப்பேன், அவர் விடமாட்டார்.

ஸ்பெயினோடு அமெரிக்காவுக்குப் போர் எப்படி வந்தது என்பதைச் சற்று வேகமாகவே நடத்தினார், எனக்கு அது சரி என்றே பட்டது. மெய்ன் என்ற அமெரிக்கப் போர்க்கப்பல் 1898 பிப்ரவரி 15-இல் ஹவானா துறைமுகத்தில் வெடித்து 260 பேருக்கு மேல் செத்தார்கள். கண்ணிவெடி என்றது அன்றைய விசாரணை. 1976-இல் அட்மிரல் ரிக்கோவர் தலைமையில் நடந்த ஆய்வு, நிலக்கரிக் கிடங்கில் உள்ளுக்குள்ளேயே பற்றிய தீ பக்கத்து வெடிமருந்து அறையைச் சூடாக்கி வெடிக்க வைத்திருக்கலாம் என்றது. ஹெர்ஸ்ட், புலிட்சர் பத்திரிகைகள் போர் வேண்டும் என்று கத்தியது எல்லோருக்கும் தெரியும். பலர் சொல்லாதது, அந்த வருடத் தொடக்கம்வரை அமெரிக்க வியாபாரிகளில் பெரும்பகுதி போர் வேண்டாம் என்றே இருந்தார்கள். 1893-இன் பொருளாதார மந்தத்திலிருந்து அப்போதுதான் எழுந்து உட்கார்ந்திருந்தது வணிகம். காங்கிரஸ் போருக்குச் சம்மதித்தபோதும் டெல்லர் திருத்தம் என்று ஒன்றைச் சேர்த்து, கியூபாவை நாங்கள் எடுத்துக்கொள்ள மாட்டோம் என்று எழுதிக் கொடுத்தது. வாக்கு கொடுத்தார்கள். 1901-இல் பிளாட் திருத்தம் என்று இன்னொன்றைக் கொண்டுவந்து, கியூபா விவகாரத்தில் தலையிடும் உரிமையையும் கடற்படைத் தளத்துக்கு இடத்தையும் வாங்கிக்கொண்டார்கள். குவாண்டனாமோ அப்படி வந்ததுதான்.

நிலக்கரி வகுப்பைச் சென்னைக்காரர்கள் விடவே கூடாது. உயர் நீதிமன்றச் சுற்றுச்சுவரில் இருக்கும் எம்டன் கல்வெட்டிலிருந்து ஆரம்பித்தார். 1914 செப்டம்பர் 22 இரவு எம்டன் நம் துறைமுகத்தில் பர்மா ஆயில் கம்பெனியின் தொட்டிகளைச் சுட்டது நமக்குப் பாட்டிக் கதை. அந்தக் கப்பல் வங்கக் கடலில் எப்படி உயிரோடு இருந்தது என்பதை யாரும் கேட்பதில்லை. ஊரில் துறைமுகம் இல்லாத போர்க்கப்பல், கூடவே நிலக்கரிக் கப்பலை இழுத்துக்கொண்டு, பிடித்த கப்பலின் நிலக்கரியைத் தனதாக்கிக்கொண்டுதான் ஓடியது. நிலக்கரி தீர்ந்தால் பீரங்கி இருந்தும் புண்ணியமில்லை.

இதைச் சொல்லிவிட்டு 1898-க்குப் போனார். அந்த பிப்ரவரியில் கடற்படைத் துணைச் செயலராக இருந்த தியோடர் ரூஸ்வெல்ட், தன் மேலதிகாரி அலுவலகத்தில் இல்லாத ஒரு நாள், ஹாங்காங்கில் இருந்த கமடோர் டூயிக்குத் தந்தி அடித்தார். கப்பல்களில் நிலக்கரியை நிறைத்து வை என்பது அதன் முக்கியமான வரி. போர் வந்ததும் பிரிட்டன் நடுநிலை என்று சொல்லி ஹாங்காங்கை விட்டுப் போகச் சொல்லும் என்பதால், டூயி முன்கூட்டியே 'நான்ஷான்' என்ற நிலக்கரிக் கப்பலைச் சரக்கோடு விலைக்கு வாங்கி வைத்திருந்தார். மே 1 அன்று, ஸ்பெயின் ஆண்டுவந்த பிலிப்பைன்ஸின் மணிலாவில் ஸ்பெயின் கப்பல்கள் மூழ்கின. அங்கே ஆட்கள் அனுப்ப வேண்டும், கப்பலை நடுவில் நிறுத்தி நிலக்கரி ஏற்ற வேண்டும். வழியில் குவாமைப் பிடித்தார்கள். போர் வந்ததே அங்கிருந்த ஸ்பானிய அதிகாரிகளுக்குத் தெரியாது, சுட்ட குண்டை மரியாதை வேட்டு என்று நினைத்தார்களாம். ஜூலையில் ஹவாய், அடுத்த வருடம் வேக் தீவு. போர்டில் சான் ஃபிரான்சிஸ்கோவிலிருந்து மணிலாவரை புள்ளி வைத்துக் கோடு இழுத்தார். பறவை எச்சத்துக்காக எடுத்த புள்ளிகளும் அந்தக் கடலிலேயே. தலைமேல் கையை வைத்துக்கொண்டான் பக்கத்து நாற்காலிப் பையன்.

அமெரிக்கக் கடற்படை அதிகாரி ஆல்ஃபிரட் மஹன் 1890-இல் கடல் வலிமை பற்றி எழுதியதை நோட்ஸில் 'கடற்படைவாதம்' என்று ஒற்றைச் சொல்லாகச் சுருக்கிவிட்டார்கள். அவர் சொன்னதில் சரக்குக் கப்பல், போர்க்கப்பல், நிலக்கரித் தளம் மூன்றும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு நிற்பவை. அந்தக் கோட்டைப் பார்த்த பிறகுதான் அது உறைத்தது.

அப்புறம் பிலிப்பைன்ஸ். இங்கே ஒரு பெண் கேட்ட கேள்வி அருமையானது, திருவல்லிக்கேணிப் பெண். "மேடம், எங்க வீட்டுப் பக்கம் ஐஸ் ஹவுஸ் இருக்கு. அமெரிக்காவிலிருந்து ஐஸ் கட்டியைக் கப்பல்ல கொண்டுவந்து மெட்ராஸ்ல வித்தாங்க. அதுக்கு மெட்ராஸைப் பிடிச்சுக்கவா செஞ்சாங்க? விக்கறதுக்கு எதுக்கு நாடு?" உண்மைதான். பாஸ்டனின் ஃபிரெடரிக் டியூடர் கம்பெனி 1840-களில் அந்தக் கட்டடத்தைக் கட்டி, பிரிட்டிஷ் கொடியின் கீழே நிம்மதியாக வியாபாரம் செய்தது. பின்னால் அமெரிக்க மண்ணெண்ணெயும் இங்கே வந்தது. சந்தை வேண்டும் என்பதற்காக நாட்டைப் பிடிக்க வேண்டியதில்லை என்பதற்கு நம் கடற்கரைச் சாலையிலேயே சாட்சி நிற்கிறது.

மேடம் சொன்ன பதில், மொத்தப் பகுதியிலும் எனக்கு மிக உருப்படியாகப் பட்டது. பிலிப்பைன்ஸ் வேண்டும் என்றது சீனச் சந்தைக்காக என்பார்கள். சீனாவுக்கு அமெரிக்காவின் ஏற்றுமதி 1890-களில் மொத்தத்தில் ஒன்றிரண்டு சதவீதம்தான். அதற்காக யாரும் போர் செய்யமாட்டார்கள். ஆனால் 1897 கடைசியில் ஜெர்மனி சீனாவின் ஜியாவ்ஜோவில் இறங்கியது, 1898-இல் ரஷ்யா போர்ட் ஆர்தரை எடுத்தது, பிரிட்டனும் பிரான்சும் ஆளுக்கொரு குத்தகை எழுதி வாங்கின. வடசீனாவுக்குத் துணி அனுப்பிக்கொண்டிருந்த அமெரிக்கத் தென்மாநில ஆலைக்காரருக்கு, நாளைக்கு அந்தத் துறைமுகத்தில் ரஷ்யன் டூட்டி போட்டால் என்ன செய்வது என்ற கவலை. இன்றைக்கு வரும் லாபம் இல்லை இது, நாளைக்குக் கதவு சாத்தப்படுமோ என்ற பயம். 1899-இல் வெளியுறவுச் செயலர் ஜான் ஹே எல்லா வல்லரசுக்கும் கதவைத் திறந்து வையுங்கள் என்று எழுதிய கடிதங்களும் அந்தப் பயத்தின் பிள்ளைகள்தான். ஹவாயில் ஜப்பான் வந்துவிடுமோ, மணிலாவை நாம் விட்டால் ஜெர்மனி எடுத்துவிடுமோ என்று எங்கே தொட்டாலும் இதுவே. ரயிலில் ஜன்னலோரச் சீட்டுக்குத் துண்டு போடுகிறவர் காற்று வாங்கவா போடுகிறார், பின்னால் வருகிறவர் உட்கார்ந்துவிடுவார் என்றுதானே. நோட்ஸின் ஐந்து கட்டங்களில் ஒன்றில்கூடப் பயம் என்ற சொல் இல்லை.

1898 டிசம்பரில் ஸ்பெயினுக்கு 2 கோடி டாலர் கொடுத்துப் பிலிப்பைன்ஸை வாங்கினார்கள். ஜனாதிபதி மெக்கின்லி ராத்திரி முழங்காலிட்டுப் பிரார்த்தித்தபோது, அந்த மக்களை உயர்த்திக் கிறிஸ்தவர்களாக்க வேண்டும் என்று தோன்றியதாகச் சொன்னார் என ஒரு கதை உண்டு. நோட்ஸில் இதற்கு ஒரு பெட்டியே போட்டிருக்கிறார்கள். மேடம் இரண்டு விஷயம் சொன்னார். ஒன்று, அந்தப் பேச்சு அச்சில் வந்தது 1903-இல், மெக்கின்லி சுடப்பட்டு இறந்து ஒரு வருடத்துக்கும் மேல் கழித்து. இன்னொன்று, பிலிப்பைன்ஸ் மக்களில் பெரும்பாலோர் முந்நூறு வருடமாகவே கத்தோலிக்கர்கள். மணிலாவின் சாண்டோ தோமாஸ் பல்கலைக்கழகம் 1611-இல் தொடங்கியது, அமெரிக்காவின் ஹார்வர்டுக்கே மூத்தது. வகுப்பு சிரித்து முடிய நேரமானது.

குறை என்று சொல்ல வேண்டிய இடமும் இதுதான். பிலிப்பினோ புரட்சித் தலைவர் அகினால்டோ 1898 ஜூன் 12-லேயே சுதந்திரம் அறிவித்துவிட்டார். 1899 பிப்ரவரியில் அமெரிக்காவோடு போர் மூண்டது. 1902-இல் முடிந்ததாக அறிவிக்கும்போது 4,200 அமெரிக்கர்களும், ஏறக்குறைய 20,000 பிலிப்பினோ வீரர்களும், பஞ்சத்தாலும் நோயாலும் வன்முறையாலும் ஏறக்குறைய 2 லட்சம் பொதுமக்களும் இறந்திருந்தார்கள். இதற்கு ஒரு முழு வகுப்பு வேண்டும். பத்து நிமிடத்தில் ஓட்டிவிட்டார், காரணங்கள்தானே தலைப்பு என்றார். எடுத்துக்கொள்வதற்கு ஒரு காரணம், இவ்வளவு பேர் செத்த பிறகும் விடாமல் வைத்துக்கொள்வதற்கு இன்னொரு காரணம் இருக்கும் அல்லவா? அது பாடத்தில் வரவே இல்லை. நான் கேட்டேன், அடுத்த முறை சேர்க்கிறேன் என்றார்.

1890 மக்கள்தொகைக் கணக்கோடு மேற்கே காலி நிலம் முடிந்துவிட்டது, அதனால் அமெரிக்க மனசு கடலைப் பார்த்தது என்கிற வாதத்துக்கும் நிறைய நேரம் கொடுத்தார். வரலாற்றாசிரியர் ஃபிரெடரிக் ஜாக்சன் டர்னர் இதன் முதல் பாதியை வாசித்தது 1893 ஜூலையில், சிகாகோ கண்காட்சியை ஒட்டி. அதே கண்காட்சியை ஒட்டித்தான் செப்டம்பரில் விவேகானந்தர் பேசினார். அவர் திரும்பி வந்து 1897-இல் தங்கியது நம் ஐஸ் ஹவுஸில். கேட்கச் சுவையாக இருக்கிறது. ஆனால் மனசு பார்த்தது, மனசு தேடியது என்பதை எந்தச் சலானில் நான் சரிபார்ப்பது? இதற்கு என்னிடம் பாதி மார்க்தான்.

எதிர்த்தவர்களைப் பற்றிய கடைசி வகுப்பு நன்றாகவே இருந்தது. ஏகாதிபத்திய எதிர்ப்பு லீக் 1898-இல் பாஸ்டனில் தொடங்கியது. மார்க் ட்வெய்னும், இரும்பு முதலாளி கார்னகியும், தொழிற்சங்கத் தலைவர் காம்பர்ஸும் ஒரே பக்கம். எதிர்த்தவர் எல்லோரும் நல்லவர் என்று நினைத்துவிடாதீர்கள் என்றும் எச்சரித்தார். பழுப்பு நிறத்தவர் குடிமக்களாகிவிடுவார்களே என்று அஞ்சி எதிர்த்த தென்மாநில செனட்டர்களும் அதே பக்கம்தான்.

அதோடு விட்டிருந்தால்கூட எனக்குத் திருப்தி. கடைசியில் ஆரஞ்சை எடுத்தார். ஸ்பெயினோடு நடந்த போரில் அமெரிக்கா எடுத்துக்கொண்ட இன்னொரு தீவு போர்ட்டோ ரிக்கோ. 1900-இல் அங்கிருந்து நியூயார்க்குக்கு டவுன்ஸ் என்ற கம்பெனி ஆரஞ்சு கொண்டுவந்தது. துறைமுகச் சுங்க கலெக்டர் பிட்வெல், 659 டாலர் 35 சென்ட் டூட்டி கட்டச் சொன்னார். போர்ட்டோ ரிக்கோ இப்போது அமெரிக்காதானே, ஊருக்குள் சரக்கு நகர்ந்தால் ஏது டூட்டி என்று கம்பெனி கோர்ட்டுக்குப் போனது. 1901 மே மாதம் உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்று தீர்ப்புச் சொன்னது: அந்தத் தீவு அமெரிக்காவுக்குச் சொந்தம், ஆனால் வரி விஷயத்தில் அமெரிக்காவின் பகுதி அல்ல. டூட்டி செல்லும். தலைமைத் தீர்ப்பை எழுதிய நீதிபதி பிரௌன், வேற்று இனத்தார் வாழும் நிலங்களுக்கு நம் முறைகள் பொருந்தாமல் போகலாம் என்றும் எழுதினார். கறுப்பருக்குத் தனி ரயில் பெட்டி சரி என்று 1896-இல் எழுதியவரும் அவரே.

பில் ஆஃப் என்ட்ரி போட்டவர்கள் யாராவது இதைப் படித்தால் என் நிலைமை புரியும். ஒரு நாட்டையே எடுத்துக்கொண்டு, அதன் பழத்துக்கு டூட்டி போடுகிறார்கள். நிலம் வேண்டும், துறைமுகம் வேண்டும், அங்கிருக்கும் ஆட்கள் வேண்டாம் என்பதை ஒரு சுங்க அசெஸ்மென்ட் இவ்வளவு சுத்தமாகச் சொல்லி நான் பார்த்ததில்லை. அந்தத் தீர்ப்பு வரிசையை உச்ச நீதிமன்றம் இன்னும் தள்ளுபடி செய்யவில்லை. போர்ட்டோ ரிக்கோவில் குடியிருப்பவர்கள் அமெரிக்கக் குடிமக்கள்தான், ஜனாதிபதித் தேர்தலில் அங்கிருந்து ஓட்டுப் போட முடியாது.

மற்றவை. மாதிரித் தேர்வைத் திருத்துவது நோட்ஸ் எழுதிய ஆள் போலிருக்கிறது. ஸ்பிரெக்கெல்ஸ் எதிர்ப்பை எழுதிய பையனுக்கு 'தேவையற்ற தகவல்' என்று சிவப்பு மையில் போட்டு மூன்று மார்க் குறைத்திருக்கிறார்கள். ஐந்து கட்டங்களையும் அப்படியே எழுதியவனுக்கு முழு மார்க். மேடத்திடம் சொன்னோம், திருத்தி வாங்கிக் கொடுத்தார், ஆனால் எத்தனை பேர் போய்ச் சொல்வார்கள்? வகுப்பின் ரெக்கார்டிங் வாட்ஸ்ஆப்பில் வரும் என்பார்கள், வருவது பாதி நாள். வரும்போதும் போர்டு தெரியாது. மழை நாளில் படிக்கட்டு வழுக்குகிறது. டீ கிடையாது, தண்ணீர் கேன் உண்டு.

வடசென்னையிலிருந்து வருகிறவர்களுக்கு: வண்ணாரப்பேட்டையில் மெட்ரோ ஏறி, சென்ட்ரலில் மாறி, அண்ணா நகர் டவரில் இறங்கினால் ஆட்டோவுக்கு அழ வேண்டியதில்லை. இடப்பக்க வரிசையைப் பிடித்துக்கொள்ளுங்கள், வலப்பக்கம் ஏசி சத்தத்தில் பாதி கேட்காது. தேர்வு எழுதுகிறவர்கள் நோட்ஸை ஒருமுறை புரட்டிவிட்டு வகுப்பில் சொல்வதை எழுதிக்கொள்ளுங்கள். கிளியரிங், ஷிப்பிங், எக்ஸ்போர்ட் என்று ஏதாவது ஒன்றில் காலம் தள்ளியவர்கள் வெறுங்கையோடு போனாலே போதும். அடுத்த பகுதி பனாமா கால்வாய், கட்டணம் அதே 2,400. நான் கட்டிவிட்டேன், நோட்ஸ் இல்லாமல் என்றால் குறைப்பீர்களா என்று கேட்டும் பார்த்தேன். குறைக்கமாட்டார்களாம்.